பத்தை அண்ணையும் பனியில் பூக்கும் எரிக்காவும்

சுவிஸின் ஷாஃப்ஹவுசன் நகரத் தமிழரில், கறிக்கு உதவாத ஒரு செடிக்காக ஊரையே பகைக்கக்கூடிய ஒரே மனிதர் பத்தை அண்ணைதான். தாய் தகப்பன் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

நகரத்துக்கு வெளியே ஒரு சங்கம் வாடகைக்குக் கொடுக்கிற தோட்டத் துண்டுகளில் நாங்கள் கத்தரி, வெண்டி, பயிற்றை என்று நட்டுக் கோடை முழுக்க மாரடிப்போம். என் துண்டுக்குப் பக்கத்துத் துண்டு அண்ணையுடையது. மருந்துக்கும் ஒரு மிளகாய்க் கன்று கிடையாது. மூலைக்கு மூலை, முழங்காலுக்கும் எட்டாத, எந்தக் காலத்திலும் பச்சை மாறாத எரிக்கா என்ற பூச்செடிப் பத்தைகள், குட்டைப் புதர்கள். அவருக்குப் பெயர் வந்ததும் அப்படித்தான்.

"அண்ணை, இதில என்னத்தைக் காய்ச்சுறது?"

"தங்கச்சி, கண்டதெல்லாத்தையும் சட்டிக்குள்ள போட வேணுமோ?"

இந்தச் செடிகளுக்குப் புளிப்பு மண் வேண்டுமாம். எங்கள் குழாய்த் தண்ணீரோ சுண்ணாம்பு. அதற்கு அண்ணை கண்டுபிடித்த மருந்து தேயிலைச் சக்கை. கலியாணமோ சாமத்திய வீடோ, வாளியோடு வந்துவிடுவார். ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும்போது நிறைகுடத்துக்கு முன்னால் நின்றது அண்ணையின் வாளிதான். பெண்ணின் தகப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு சக்கையைக் கொண்டுவந்தால், இவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "பால் விட்டுக் காய்ச்சினதோ? அப்ப வேண்டாம்" என்கிறார்!

செத்தவீட்டையாவது விட்டாரா? இங்கே கல்லறைகளில் இலையுதிர் காலத்தில் எரிக்கா நடுவது வழக்கம். எங்கள் ஆள் ஒருவரின் இறுதிக் கிரியைக்குப் போன இடத்தில், பக்கத்துக் கல்லறையில் அண்ணை முழங்காலில் நின்று குனிந்தபடி இருந்தார். "பாவம், மனுசனுக்குத் துக்கம் தாங்கேல்லை" என்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நான் தூக்கிவிடப் போனேன்.

"தங்கச்சி, இந்தக் கல்லறைக்காரரைக் கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்! எரிக்கா எண்டால் இலை ஊசி மாதிரி விலகி நிக்கும். இது செதில் மாதிரித் தண்டோட ஒட்டிக்கிடக்கு. இது கலூனா, வேற சாதிச் செடி!"

"அண்ணை, எழும்புங்கோ. சனம் பாக்குது."

"பாக்கட்டும், அவையளும் படிக்கட்டும்."

இப்படிப்பட்டவருக்கும் ஒருநாள் சோதனை வந்தது. தோட்டச் சங்கத் தலைவர், நெட்டையான சுவிஸ்காரர், நேரில் வந்து சொல்லிவிட்டார்: துண்டில் மூன்றில் ஒரு பங்கு மரக்கறி இருக்க வேண்டும், மார்ச்சில் பார்க்க வருவேன், இல்லையென்றால் துண்டு வேறு ஆளுக்கு.

"வரட்டும். பூவைக் கண்டால் அந்தாள் வாயே திறக்காது" என்றார் அண்ணை.

தலைவர் வரவிருந்த நாளாய்ப் பார்த்து விடியப்புறம் பனி கொட்டியிருந்தது. அண்ணை வெறுங்கையால் பனியைத் தள்ளினார். அடியில் இளஞ்சிவப்பாய்ப் பூ! இன்னும் தள்ளினார், இன்னும் பூ! வெயில் ஏற ஏறத் தேனீக்கள் வேறு இரைந்துகொண்டு வந்துவிட்டன. இத்தனை நாளும் நையாண்டி பண்ணிய நான்தான், "ஐயோ அண்ணை, என்ன வடிவு!" என்று துள்ளினேன்.

தலைவர் வந்தார். குனிந்தார். படம்கூட எடுத்தார். பிறகு, "மிக அழகு. ஆனால் மரக்கறி எங்கே? மாத முடிவுக்குள் நட்டாக வேண்டும்" என்றுவிட்டுப் போனார்.

அண்ணை மண்வெட்டியை எடுத்தார். முதல் பத்தையின் அடியில் வைத்தார். அழுத்த முடியவில்லை. நான் ஓடிப்போய் மண்வெட்டியைப் பிடித்தேன்.

"விடுங்கோ அண்ணை! எறியிறதுக்கு ஆர் கிண்டச் சொன்னது? வேர் மண்ணோட தூக்கி என்ர பக்கம் வையுங்கோ. என்னட்டைப் பனி தாங்கின லீக்ஸ், கீரை எண்டு சங்கம் கேட்ட பங்குக்கு மேலாலயே மரக்கறி இருக்கு."

"அப்ப உங்கட கத்தரிக்கு இடம்?"

"அது உங்கட பக்கம் வரட்டும்."

மாத முடிவில் தலைவர் வந்தபோது அண்ணையின் துண்டில், பிடுங்கி மாற்றி நட்ட என் லீக்ஸும் கீரையும் நின்றன, கத்தரிக்கும் பாத்தி தயார். என் பக்கம் எட்டிப் பார்த்தார், சிரித்தார், தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

அந்தக் கோடையில், அண்ணையின் பக்கம் நட்ட என் கத்தரி ஒன்றுகூடக் காய்க்கவில்லை. அண்ணை தண்ணீரைத் தூக்கிக்கொண்டு என் பக்கம்தான் ஓடுவார், பத்தைக்கு. "உன்னையும் விசரியாக்கிப்போட்டார்" என்கிறார் என் மனுசன்.

பைத்தியமாக்கினால் ஆக்கட்டும். கத்தரிக்காய் கடையில் கிடைக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணை இல்லாத தோட்டத்துக்கு நான் எதற்குப் போகிறேன்?