சூரியனுக்கு ஆப்சென்ட்

உலக சமாதானத்துக்குச் சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு கவரைப்பேட்டை என்று சொல்லலாம். அங்கே கம்பெனிப் பெண்கள் தங்கும் விடுதியின் பொது அறையில் 'சமய நல்லிணக்க கால அட்டவணை' தொங்குகிறது. லேமினேஷன் போட்டது. சும்மாவா?

அதற்கு முன்பு அந்த அறையில் காட்டுமிராண்டிக் காலம். ஜபீன் தொழுதால், கிறிஸ்டினா பைபிளோடு வாசலில் காத்திருப்பாள். பூமிகா வந்து அஞ்சு நிமிஷம் விளக்கேற்றிவிட்டுப் போவாள். தீர்மானம் இல்லை, கையெழுத்து இல்லை. அதெல்லாம் ஒரு பொழைப்பா?

வார்டன் நர்மதா மேடம் நோன்பு மாதத்தில் கமிட்டி போட்டார். பூமிகாவின் விளக்கு ஒரு மணி நேர பஜனையாகப் பதவி உயர்வு பெற்றது. ஜபீனுக்கு ஏழு மணி.

"மேடம், ஆறு இருவதுக்கு நோம்பு தொறக்கணும். பொழுது சாஞ்சதும் தொழணும்" என்றாள் ஜபீன். ஷிப்ட் முடித்து வந்தவளுக்கு நாக்கு வறண்டிருந்தது.

"ஆறுலேர்ந்து ஏழு பஜனை. ஏழு மணிக்கு சாயட்டும்."

"இன்னா, சூரியனா?"

"எனக்குப் பாடவே வராது மேடம்! அந்த நேரம் ஜபீனுக்கே இருக்கட்டும்" என்றாள் பூமிகா.

"வராட்டி கத்துக்கோ. கமிட்டி மெம்பருங்க கை தூக்குங்க!"

தீர்மானம் நிறைவேறியது. கூட்டத்துக்கு வராத சூரியனுக்கு ஆப்சென்ட் போடப்பட்டது.

மறுநாள் மாலை அட்டவணையைப் பார்க்கக் கம்பெனி அதிகாரி வந்தார். மூன்று பேரையும் அதற்குக் கீழே நிற்க வைத்தார்கள். ஜபீன் கையில் பேரீச்சம்பழம். மணி ஆறு இருபது. பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. அவள் பழத்தை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"இரும்மா! தொறக்கற மாதிரியே நில்லு, தொறந்துடாத. ஃபோட்டோ!" என்றார் மேடம்.

"இன்னும் ஒண்ணு" என்றார் அதிகாரி. அப்புறம் இன்னும் ஒன்று.

ஜபீனுக்குக் கண் கலங்கிவிட்டது. விடிகாலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, இப்போது பழம் உதட்டுக்கு ஒரு விரல் தள்ளி நிற்கிறது.

"நல்லா பேஜார் பண்றாங்கடி, நீ துன்னு!" என்று பூமிகா அவள் கையைப் பிடித்துப் பழத்தை வாயில் திணித்தாள். கிறிஸ்டினா ஓடிப்போய் தண்ணீர் கொண்டுவந்தாள். பஜனை நேரத்தில் ஜபீன் தொழுதாள். மற்ற இருவரும் கதவை மறித்துக்கொண்டு நின்றார்கள்.

கடைசி ஃபோட்டோ மங்கலாகிப்போனது. காலையில் மூவருக்கும் மெமோ வந்தது: 'அட்டவணை நேரத்துக்கு வெளியே, முன்அனுமதியின்றி, நல்லிணக்கத்தில் ஈடுபட்டது ஏன்?'