தோணா வாயில் ஓர் இலையுதிர்காலம்

“குடைகளை மடக்குங்கள்,” என்றார் விசேட உத்தியோகத்தர் நேசரட்ணம். “இலையுதிர்காலத்தில் மழை பெய்வதில்லை.”

மழை பெய்துகொண்டிருந்தது. பதியுதீன் விதானையார் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் கடற்கரை மணலில் நின்ற நாற்பது வயற்காரரும் அப்படியே செய்தார்கள். குடையில்லாமல் வாழையிலை பிடித்து வந்தவர்கள் இலையைக் கீழே போட்டார்கள். கிளாக்கர் பத்திநாதர் குனிந்து அவற்றைப் பொறுக்கி, ‘உதிர்ந்த இலைகள்’ என்ற தலைப்பின் கீழ்ப் பதிந்தார்.

“துரை, நாங்க குதிரை பாக்க வரல்ல,” என்றார் விதானையார். “தோணா வாய் வெட்ட மனுக் குடுத்தம், அதுக்கு ஒங்கட கையெழுத்து வேணும். வெள்ளாமைக்குள்ள தண்ணி முழங்காலுக்கு மேல நிக்கி. முளைச்சி மூணு கிழமைப் பயிர். தண்ணிக்குள்ள அஞ்சு நாள் தாங்கும். அதில ரெண்டு நாள் போயிட்டு.”

“எந்த இடத்தில் வெட்ட வேண்டும்?”

“இஞ்சதான் துரை. நீங்க நிக்கிற எடத்தில.”

நேசரட்ணம் தம் சப்பாத்துகளைப் பார்த்தார். பிறகு, அவற்றின் இரு பக்கமும் மூன்று பர்லாங் தூரத்துக்கு நட்டிருந்த வெள்ளைக் கம்புகளைப் பார்த்தார்.

“இது ஓட்டத்திடல்,” என்றார்.

பதியுதீன் அந்தப் பக்கத்து வட்டை விதானை. வயல்வெளிக்கும் அதன் தண்ணீருக்கும் அவரே பொறுப்பு. மாரி மழை வயலில் நிறைந்தால் தோணா என்ற நீரோடை வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். கடலோ வருஷா வருஷம் தோணாவின் வாயை மணலால் அடைத்து வைத்திருக்கும். இரண்டு வண்டி அகலத்துக்கு மணலை வெட்டிவிட்டால் ஒரு பகலில் தண்ணீர் இறங்கிவிடும். அதற்கு ஒரு கையெழுத்து வேண்டும். வழக்கமாகக் கையெழுத்து வைப்பவர் கண்டிக்கு மாறிப் போயிருந்தார். அவருடைய மேசையும் பேனாவும் தற்காலிகமாக நேசரட்ணத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன.

நேசரட்ணம் வந்தது வேறு காரியமாக. சுதந்திரம் கிடைத்து ஆறு வருஷமாகியும் கிழக்குக் கரையில் இலையுதிர்காலம் முறைப்படி அனுஷ்டிக்கப்படவில்லை என்பது கொழும்பில் ஒரு மேசைக்குத் தெரிய வந்திருந்தது. சீமைக்குப் போய்த் திரும்பிய ஒரு பெரியவர், அங்கே அந்தக் காலத்தில் குதிரை ஓட்டக் கூட்டங்கள் நடப்பதாகவும், அவற்றால் மக்களுக்கு நிமிர்ந்து நிற்கும் பழக்கம் வருவதாகவும் குறிப்பெழுதினார். குறிப்பு சுற்றறிக்கையாகி, சுற்றறிக்கை நேசரட்ணமாகி, கல்முனைக்குத் தெற்கே வந்து இறங்கியது. கூடவே ஒரு படமும் இணைக்கப்பட்டிருந்தது. ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றிலிருந்து வெட்டியெடுத்த படம். தொப்பி போட்ட கனவான்கள், கண்ணில் தூரக்கண்ணாடி, காலடியில் காய்ந்த இலைகள், தூரத்தில் மூன்று குதிரைகள். மழை இல்லை. தோணாவும் இல்லை.

“மூன்று நாள் கூட்டம்,” என்றார் நேசரட்ணம். “கடைசி ஓட்டம் முடிந்ததும் கையெழுத்து வைக்கிறேன். உங்களுடைய ஐந்து நாளும் அன்றைக்குத்தானே முடிகிறது? சரியாக வருகிறது.”

“ஒரு ஓரமா வெட்டினா குதிரை தாண்டிப் போகாதா துரை?”

“இது தட்டை ஓட்டம் விதானையார். நீர் தாண்டும் ஓட்டம் அடுத்த வருஷத் திட்டத்தில் இருக்கிறது.”

பத்திநாதர் குனிந்து உத்தியோகத்தரின் காதில் ஏதோ சொன்னார்.

“ஆம், இன்னொன்று,” என்றார் நேசரட்ணம். “பார்வையாளர் இருநூறு பேர் இருக்க வேண்டும். இல்லையென்றால் கூட்டம் நடந்ததாகக் கருதப்படாது. அடுத்த கிழமைக்கு ஒத்திப்போகும்.”

விதானையார் நாற்பது பேரையும் திரும்பிப் பார்த்தார். “ஆளுக்கு நாலு பேரக் கூட்டிட்டு வாங்க,” என்றார். “கெதியாப் போங்க. இத முடிச்சாத்தான் அத வெட்டலாம்.”

இவ்வாறாக, தோணா வெட்ட வந்தவர்களே கூட்டம் நடப்பதற்கான ஏற்பாடுகளைச் செய்தார்கள்.

*

குதிரைகள் மூன்று கேட்கப்பட்டிருந்தன. கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு ரயிலிலும் அங்கிருந்து லொறியிலும் வந்து சேர்ந்தது ஒன்று. அதற்கு ஒரு பெயர் இருந்தது. பெயர் கோப்பில் இருந்தது. கோப்பு வந்து சேரவில்லை. ஆகையால் அதைக் குதிரை என்றே அழைத்தார்கள்.

ஒரு குதிரை ஓடினால் அது ஓட்டமாகாது, நடமாட்டம்தான் என்று விதி சொன்னது. அந்த நேரம் பார்த்து மருதமுனை றஸாக், நெய்த சாரத் துணி ஏற்றிய வண்டியோடு கடற்கரைப் பாதையால் வந்தார். வண்டியில் இரண்டு மாடுகள் பூட்டியிருந்தன. இரண்டும் ஒன்றும் மூன்று என்பதைப் பத்திநாதர்தான் முதலில் கவனித்தார்.

“இது மாடு ஐயா,” என்றார் றஸாக்.

“நிரந்தரப் பதவி மாடுதான்,” என்றார் பத்திநாதர். “இந்த மூன்று நாளும் பதில் கடமைக் குதிரை.”

“மறுகா?”

“நாலாம் நாள் காலையில் பழைய பதவிக்குத் திரும்பும். கடமைக் காலத்தில் குதிரைக்குரிய கொள்ளு கிடைக்கும். ஆனால் வண்டியில் பூட்டக் கூடாது. பதவியின் கௌரவத்துக்குப் பொருந்தாது.”

“அப்ப வண்டிய யாரு இழுக்கிற?”

அதற்குச் சுற்றறிக்கையில் பதில் இல்லை. றஸாக் நுகத்தைத் தம் தோளில் வைத்து, சந்தை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். அவருக்குப் பதில் கடமை நியமனம் எதுவும் வழங்கப்படவில்லை.

இலைப் பிரச்சினையும் அன்று காலையிலேயே தீர்ந்தது. தென்னையிலிருந்து இலை உதிர்வதில்லை, ஓலை விழும். அது படத்துக்குப் பொருந்தாது. சாய்ந்தமருது வேலிகளில் நின்ற பூவரசுகள் ஒன்று மிச்சமில்லாமல் மொட்டையாக்கப்பட்டன. சாக்குகளோடு வந்தவர்களிடம் பத்திநாதர் கேட்டார்:

“உதிர்ந்ததா, பறித்ததா?”

“பறிச்சது.”

“உதிர்ந்தது என்று சொல்லுங்கோ. பறித்ததுக்குப் படிவம் இல்லை.”

“உதுந்தது.”

“தானாகவா?”

“எங்கட கையால தானா உதுந்தது ஐயா.”

தொப்பி விஷயத்தில் நேசரட்ணம் மனம் குளிர்ந்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் தொப்பியோடுதான் வந்திருந்தார்கள். காரைதீவுச் சின்னப்போடி மட்டும் தலையில் துவாய் கட்டியிருந்தார். அவரைப் பத்திநாதர் ‘தளர்ந்த தொப்பி, ஒன்று’ என்று பதிந்தார்.

முதல் ஓட்டம் தொடங்கியது. குதிரை ஓடியது. பதில் கடமைக் குதிரைகள் நின்று பார்த்தன. குதிரை வென்றது. இரண்டாவது ஓட்டத்திலும் அப்படியே. மூன்றாவது ஓட்டத்தின்போது இருநூறு பார்வையாளரும் திடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னால் தெரிந்த வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் இன்னும் ஏறியிருக்கிறதா இல்லையா என்று தூரத்திலிருந்து தெரியவில்லை.

நேசரட்ணம் படத்தை எடுத்துப் பார்த்தார். அதில் ஒருவரும் பின்னால் திரும்பவில்லை. எல்லோர் கண்ணிலும் தூரக்கண்ணாடி.

மறுநாள் காலை மருதமுனை நெசவுச் சாலைகளிலிருந்து வெறும் நூற்குழல்கள் ஒரு கடகம் நிறைய வந்தன. இரண்டு குழலைச் சேர்த்து நூலால் கட்டி ஆளுக்கொன்று கொடுத்தார்கள். கண்ணாடி இல்லாத தூரக்கண்ணாடி. அதை வைத்துப் பார்த்தால் எதுவும் கிட்ட வரவில்லை. ஆனால் குழலுக்கு நேரே இருப்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

“நல்லாத் தெரியிதா காக்கா?” என்று பக்கத்தில் நின்றவர் விதானையாரை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

“குதிரை மட்டும் தெரியிது,” என்றார் விதானையார்.

*

விதானையாருடைய மனைவி ஸைனம்பு முதல் நாள் பொழுது சாய்கையில் வயலுக்குள் இறங்கி ஒரு பயிரைப் பிடுங்கி வந்து, பீங்கானில் வைத்து அவர் முன்னால் தள்ளினாள். வேர் வெள்ளையாக இருந்தது.

“கையெழுத்து?”

“கூட்டம் முடியட்டாம்.”

இரண்டாம் நாளும் பீங்கான் வந்தது. பயிர் மஞ்சளித்திருந்தது. விதானையார் அதை ஒருமுறை நேரே பார்த்தார். பிறகு குழலை எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்தார்.

“என்ன மனிசன் நீங்க?” என்றாள் ஸைனம்பு. “வெள்ளாமை அழுகுது. இதென்ன கண்ணுல குழல்?”

“இண்டைக்கு என்ன நடந்த தெரியுமா புள்ள? சுட்டியன் வெண்டுட்டான்.”

“ஆரு சுட்டியன்?”

“றஸாக்கிட மாடு. நெத்தியில வெள்ள இரிக்கே, அது.”

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமையாதலால் ஜும்மாவுக்காக ஓட்டம் நிறுத்தப்பட்டு மறுபடி தொடங்கியது. பாதி தூரத்தில் குதிரை நின்று, திடலில் பரப்பியிருந்த பூவரசம் இலையைத் தின்னத் தொடங்கியது. வந்த நாளிலிருந்து அதன் கொள்ளைப் பதில் கடமைக் குதிரைகளே தின்றிருந்தன. இலையுதிர்காலத்தை வாய் நிறைய மென்றுகொண்டிருந்த குதிரையைச் சுட்டியன் நிதானமாக நடந்து தாண்டியது. இருநூறு சோடிக் குழல்களும் ஒன்றாகத் திரும்பின. கடற்கரையே கத்தியது.

“அடுத்த ஓட்டத்துக்கு என்ட ஒரு அவணம் நெல்லு சுட்டியன்ல!” என்றார் சின்னப்போடி, துவாயை அவிழ்த்து வீசிக்கொண்டு.

“எந்த அவணம் சின்னப்போடி?”

“மாசியில வெட்டப்போற அவணம்.”

“அப்ப என்ட ரெண்டு அவணம் குதிரையில!”

அந்த நெல் அப்போது நான்கு அங்குல உயரப் பயிராகத் தண்ணீருக்கடியில் நின்றது. பின்னேரத்துக்குள் வட்டையின் விளைச்சல் முழுவதும் மூன்று முறை கைமாறி, கடைசியில் பெரும்பாலும் பழைய சொந்தக்காரர்களிடமே திரும்பி வந்திருந்தது. எல்லோரும் வென்றவர்களைப் போல வீட்டுக்குப் போனார்கள்.

*

மூன்றாம் நாள் ஸைனம்பு மண்வெட்டியோடு வந்தாள். நேரே திடலுக்குள் இறங்கப் போனவளைப் பத்திநாதர் மறித்தார்.

“பெண்கள் அந்தப் பக்கம்,” என்று சீலை கட்டி மறைத்த பந்தலைக் காட்டினார்.

“நான் ஓட்டம் பாக்க வரல்ல. வெட்ட வந்த.”

“வெட்ட வந்தவர்களும் பார்வையாளர்தான். மண்வெட்டியை இங்கே வைத்துவிட்டுப் போங்கோ. படத்தில் மண்வெட்டி இல்லை.”

அவள் திட்டிக்கொண்டே சீலைக்குப் பின்னால் போனாள். முதல் ஓட்டத்தின்போது திட்டு வெளியே கேட்டது. இரண்டாவது ஓட்டத்தில் சீலையில் விரல் நுழையுமளவுக்கு ஓர் ஓட்டை விழுந்தது. மூன்றாவது ஓட்டத்தில், “ஓடு சுட்டியா! ஒனக்கென்ன சீக்கா!” என்று பந்தலுக்குள்ளிருந்து எழுந்த குரல்களில் மிக உரத்தது விதானையார் வீட்டுக் குரல்.

நேசரட்ணத்துக்கு அன்று தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியது. மூன்று நாள் மழை அவருடைய கோட்டுக்குள் புகுந்து உடம்பிலேயே குடியேறியிருந்தது. கடைசி ஓட்டத்துக்கு முன் அவர் விதானையாரைக் கூப்பிட்டார். கையெழுத்தும் முத்திரையும் வைத்த அனுமதிப் பத்திரத்தை நீட்டினார்.

“வெட்டுங்கள். இப்போதே வெட்டுங்கள்,” என்று தும்மினார். “கடைசி ஓட்டத்தை ரத்துச் செய்கிறேன். மக்களுடைய பயிர் முக்கியம். தயவுசெய்து ஒரு குடை கொடுங்கள்.”

விதானையார் பத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கினார். மூன்று நாளாக, அதற்கு முன் இரண்டு நாளாக, அவர் கேட்டது இதைத்தான். மை காயக்கூட இல்லை.

“கடைசி ஓட்டம் இல்லியா துரை?” என்றார்.

“இல்லை.”

பின்னாலிருந்த நாற்பது பேரும் கிட்ட வந்தார்கள். சின்னப்போடி முன்னுக்கு வந்தார்.

“அதெப்பிடித் துரை? மூணு நாள் எண்டு சொன்ன நீங்கதானே. எங்கட அவணமெல்லாம் நடுவில நிக்கி.”

“மழை பெய்கிறது!” என்றார் நேசரட்ணம்.

“இலையுதிர்காலத்தில மழை இல்லியே துரை,” என்றார் விதானையார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னார்.

கடைசி ஓட்டம் நடந்தது. குதிரையும் சுட்டியனும் எல்லைக் கம்பை ஒன்றாகத் தாண்டின. சுட்டியனின் கொம்பு முன்னால் இருந்தது என்றார்கள் பாதிப் பேர். கொம்பைச் சேர்க்கக் கூடாது, நிரந்தரக் குதிரைக்குக் கொம்பு கிடையாது, பதில் கடமையாளர் நிரந்தரப் பதவியில் இல்லாத சலுகையை அனுபவிக்க முடியாது என்றார்கள் மற்றப் பாதி. மூன்று நாள் பழக்கத்தில் எல்லோருக்கும் இந்தப் பாஷை நன்றாக வந்திருந்தது. விளைச்சல் முழுவதும் அந்தக் கொம்பில் தொங்கியது.

சுட்டியனின் பதில் கடமையை இன்னொரு நாள் நீடித்து மறு ஓட்டம் வேண்டும் என்று அங்கேயே ஒரு மனு எழுதப்பட்டது. பத்திநாதர் எழுதினார். தோணா வெட்டக் கேட்ட மனுவில் இருந்த அதே நாற்பது பெருவிரல்களும் அதில் விழுந்தன. முதற் கையெழுத்து விதானையாருடையது. சீலைக்குப் பின்னாலிருந்து இன்னும் பதினேழு பெருவிரல்கள் வந்தன.

நேசரட்ணம் மனுவை வாசித்தார். அவருடைய மூக்கு சிவந்திருந்தது.

“நாளைக்கா?”

“ஓம் துரை. நாளைக்கு.”

“இன்றைக்கு ஐந்தாம் நாள் என்றீர்களே? தோணா?”

“இப்ப வெட்டினா நாளைக்கு எங்க ஓடுற?” என்றார் விதானையார். “இது தட்டை ஓட்டமெல்லோ துரை. தண்ணி தாண்டுற அடுத்த வருஷம்.”

மறுநாள் ஓட்டத்துக்காக றஸாக் சுட்டியனைத் திடலில் மெல்ல நடத்திக் காட்டினார். அந்த நடைக்காகவே எல்லோரும் குழல்களை உயர்த்தினார்கள். விதானையாரின் குழல்கள் நிலைகொள்ளவில்லை; மழையில் நனைந்த நூல் தளர்ந்து, ஒன்று ஒரு பக்கமும் மற்றது வேறு பக்கமும் பார்த்தது. அவர் இடுப்பிலிருந்த அனுமதிப் பத்திரத்தை எடுத்து நாலாக மடித்தார். இரண்டு குழல்களுக்கும் நடுவே அதை இறுக்கிச் செருகினார். ஆட்டி ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கண்ணில் வைத்துக்கொண்டார்.