கே.ஜி.கண்டிகையில் நின்றுபோன மாப்பிள்ளை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் திருந்தவில்லை. செல்போனில் திறந்து கிடக்கும் செயலிகளை இன்றும் ஒவ்வொன்றாக மேலே தள்ளி மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். மேசைமேல் ஒரு கோப்பைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனதில்லை. (போயிருந்தால் எலி தின்றதற்கு யார் விளக்கம் எழுதுவது?)

தம்பி ஏழுமலையின் மகளுக்குத் திருத்தணியில் கல்யாணம். அம்மையார்குப்பத்திலிருந்து மாப்பிள்ளை வேனை அழைத்து வருவது என் பொறுப்பு. வேன் எங்கே வருகிறது என்று தெரிந்தால்தானே மண்டப வாசலில் ஆரத்தியும் மேளமும் தயாராக நிற்கும்? அதற்காக என் இருப்பிடம் தம்பியின் போனில் தெரியும்படி ஏற்பாடு. அவன் திரையில் நான் ஒரு நீலப் புள்ளி.

வேன் கிளம்பியதும் வழக்கப்படி எல்லாவற்றையும் மூடினேன். புள்ளி நகரவில்லை என்று தம்பி கூப்பிட்டான். திறந்தேன். பேசி முடித்ததும் மூடினேன். மறுபடி கூப்பிட்டான். இப்படி ஏழெட்டு முறை.

பக்கத்து சீட்டில் மாப்பிள்ளையின் அக்கா.

"இன்னா மாமா, அத்த மூடிகினே கீறீங்க? பின்னால கீறதெல்லாம் சும்மா தூங்கிகினு கெடக்கும். எடம் வேணும்னா போனே அத்த நிறுத்திக்கும். நீங்க மூடி மூடித் தொறந்தாத்தான் சார்ஜ் போவும்."

"தூங்குற கிளார்க்கை நம்பி நான் ஆபீஸ் நடத்துனதில்லம்மா" என்றேன்.

வழியில் கே.ஜி.கண்டிகை என்ற ஊர் வரும்போது என் போன் உயிரை விட்டது. (காலையில் சார்ஜ் போட மறந்திருந்தேன். அது தனி விவகாரம்.)

மண்டபத்தில் தம்பி பார்த்தது இதைத்தான்: கண்டிகையில் அசையாத புள்ளி. என் போன் அணைந்திருக்கிறது. மாப்பிள்ளையின் போன் அடிக்கிறது, எடுப்பாரில்லை. (அது பெட்டிக்குள் இருந்தது.) முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம்தான். மாப்பிள்ளை வீட்டார் ஏதோ கேட்டு முரண்டு பிடித்து வேனை நிறுத்திவிட்டார்கள் என்று முடிவுகட்டி, ஆட்டோ பிடித்துப் பறந்தான். வழியில் எங்களைக் கடந்துதான் போனான். குனிந்து போனைக் குத்திக்கொண்டிருந்தான். பூ வாங்கப் போகிறான் என்று நினைத்து நான் கைகூட அசைத்தேன்.

வேன் போய் நின்றபோது மண்டப வாசலில் மேளம் இல்லை. தம்பி மனைவியின் அழுகைதான் கேட்டது. பெரியவர் ஒருவர் மாப்பிள்ளையிடமே வந்து, "ஏம்பா, மாப்ள கண்டிகையில மொரண்டு புடிச்சிகினு நிக்கிறாராமே, நெசமா?" என்றார்.

"நான்தாங்க மாப்ள."

மாப்பிள்ளையின் அக்கா உடனே தம்பி மனைவியிடம் எண் வாங்கி, என் தம்பியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். 'மாப்ள அக்கா பேசறேன்' என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது: "மாப்ளையாண்ட சொல்லும்மா, பைக்குதானே? வாங்கிக் குடுத்துடறேன். வேனை எடுக்கச் சொல்லு."

"நான் எதுவுமே கேக்கலீங்களே மாமா" என்றார் மாப்பிள்ளை. "மண்டபத்துலதான் கீறோம்."

எதிர்முனையில் அவன் ஆட்டோவைத் திருப்பச் சொல்வது கேட்டது.

முகூர்த்தம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது தம்பி மூச்சிரைக்க வந்து பெண்ணைத் தாரைவார்த்தான். மாப்பிள்ளை எவ்வளவோ மறுத்தும், நாலு பேர் காதில் விழுந்த பேச்சு என்று மறுமாதமே பைக் வாங்கிக் கொடுத்தான். அதன் பெயர் இன்றுவரை 'பெரியப்பா வண்டி'. அது தெருமுனையில் திரும்பினாலே என் மனைவி, "உங்க வண்டி வருது" என்பாள்.

எல்லோரும் சிரிக்கட்டும். வண்டி என் பெயரைச் சொல்லித்தானே ஓடுகிறது? முறைப்படி பார்த்தால் அந்தக் கல்யாணத்தில் மொய் எழுதியவர்களில் பைக் கொடுத்தவன் நான் ஒருவன்தான்.