சாத்தூரிலிருந்து வந்த கல்

பெருமாநல்லூர் தாண்டி, பனியன் துணி பின்னும் நிட்டிங் செட் ஒன்று மூடிக் கிடந்தது. மெஷின்களை விற்றுவிட்டார்கள். கரண்டைப் பிடுங்கிவிட்டார்கள். எலிகள்கூட வேறு கம்பெனிக்குப் போய்விட்டன. அந்தத் தகரக் கொட்டகைக்கு இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி வேன்கள் வரிசை கட்டி வரத் தொடங்கின.

வேலைக்கு அல்ல. கல் எடுக்க.

கல் எடுப்பவர் பெயர் கிட்டுசாமி. முன்பு பாத்திர வியாபாரம். ஒரு நாள் கனவில் முருகன் வந்து பித்தளைக் குழாய் ஒன்றைக் கையில் கொடுத்தாராம். வேலைத் தவிர முருகனிடம் குழாயும் இருந்த செய்தி அன்றுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

வாசலில் ஒரு பிளெக்ஸ்: 'கத்தி இல்லை. ஊசி இல்லை. சட்டையைக் கழற்ற வேண்டியதும் இல்லை. சிறுநீரகக் கல் ஐந்தே நிமிடத்தில் உங்கள் கையில். அரசுக் காப்பீட்டு அட்டை உள்ளவர்களுக்குக் காணிக்கை பாதி.'

கடைசி வரியை எழுதியவர் சாதாரண ஆள் இல்லை. காப்பீட்டு அட்டையோடு அலைகிறவர் யார்? ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போன் போட்டு ஓய்ந்துபோனவர். கூட்டத்தை அங்கிருந்தே பிடித்தார்.

சித்ராதேவியும் அப்படி ஓய்ந்துபோனவள்தான். பனியன் கம்பெனியில் துணியில் ஓட்டை தேடும் செக்கிங் வேலை. கணவன் செந்தில்வேல் அதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டும், எழுந்தால் பீஸ் குறையும் என்று நாளெல்லாம் வாயை உலர வைத்துத் தைத்தவன். அவனுக்குச் சிறுநீர்க் குழாயில் கல். ஸ்கேன் எடுத்த டாக்டர் சொன்னார்: "இடது கிட்னி வீங்கியிருக்கும்மா. யூராலஜி டாக்டரைப் பாருங்க. தள்ளிப் போட்டா கிட்னியே போயிரும்."

சித்ராதேவி போனை எடுத்தாள்.

"கார்டு எடுத்துக்குவோம் மேடம். ஆனா யூராலஜி இல்லை."

"யூராலஜி இருக்குங்க. ஆனா கார்டு எடுக்கறதில்லை."

மூன்றாவது இடத்தில் இரண்டும் இருந்தன. டாக்டர்தான் இல்லை. நீண்ட லீவு.

இதற்குள் செந்தில்வேலை யாரோ வேனில் ஏற்றிக் கிட்டுசாமியிடம் கூட்டிப்போய்விட்டார்கள். பட்டாணி அளவு வெள்ளைக் கல்லோடு சிரித்துக்கொண்டே திரும்பினான். கல்லைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தான். அந்த வாரமே வலியில் தரையில் உருண்டான். மறுபடி ஸ்கேன். கல் அதே இடத்தில் சௌக்கியமாக இருந்தது. வீக்கம்தான் கூடியிருந்தது.

"சாமி எடுத்தது வேற கல்லு. இது புதுசு" என்றான்.

"அதே இடத்துல, அதே அளவுலயாங்க?"

"வர்ற ஞாயித்துக்கிழமை இதையும் எடுத்துருவாரு. நீ பேசாம இரு."

அவனுக்குக் கிட்டுசாமியின் மேல் பக்தியைவிட ஆபரேஷன் மேல் பயம் அதிகம். பயந்தவனிடம் வாதம் செய்து பயனில்லை என்று சித்ராதேவிக்குத் தெரியும். கம்பெனி லைன் சூப்பர்வைசர் முனீஸிடம் போய்ச் சொன்னாள். சாத்தூர்க்காரன். பேச்சில் குசும்பு அதிகம். எல்லாம் கேட்டுவிட்டு இடுப்பைத் தடவிக்கொண்டே சிரித்தான்.

"ஞாயித்துக்கிழமை நானும் வாரேன்க்கா. எனக்கும் இடப்பக்கம் வலிக்கப் போவுது."

ஞாயிறு. கொட்டகை நிறைந்திருந்தது. செந்தில்வேல் வரிசையில் நின்றான், சித்ராதேவியும் முனீஸும் கூடவே. கிட்டுசாமியின் மனைவி சின்னாத்தாள் வாசலில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே, மூடிய கம்பெனி விட்டுப்போன பழைய மேசைதான் ஆபரேஷன் தியேட்டர். நோயாளி படுக்க வேண்டும். சட்டைக்கு மேலே வெள்ளைப் பனியன் துணி ஒன்றை விரிப்பார். அதன் மேல் குழாயை வைத்து உறிஞ்சுவார். கன்னம் உப்பும். கண் பிதுங்கும். பிறகு பித்தளைத் தட்டில் துப்புவார். 'டிங்' என்று கல் விழும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். துணி, நோயாளிக்குப் பிரசாதம்.

முதலில் ஒரு பெண்ணுக்குக் கல் வந்தது. அவளுடைய பிரசாதத் துணியைச் சித்ராதேவி வாங்கினாள். கை பழக்கதோஷம். இரண்டு மூலையைப் பிடித்து வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"சாமி, இதுல ஓட்டையே இல்லீங்களே. கல்லு எப்படிங்க வந்துச்சு?"

கூட்டத்தில் பாதிப்பேர் செக்கிங் பெண்கள். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் பீஸைத் தூக்கி எறிகிறவர்கள். ஒருத்திக்கும் இது தோன்றியிருக்கவில்லை. இப்போதும் அவர்கள் துணியைப் பார்க்கவில்லை. சித்ராதேவியை முறைத்தார்கள்.

கிட்டுசாமி அன்பாகச் சிரித்தார். "கண்ணு, காத்து துணியில ஓட்டை போட்டுட்டா வருது? அந்த மாதிரிதான். உள்ளாற இருக்கிற வரைக்கும் கல்லு. வர்றப்ப காத்து. குழாய்க்குள்ள வந்தா மறுபடி கல்லு."

"ஆகா" என்றது கூட்டம். இயற்பியலை இவ்வளவு சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை.

"அடுத்தது நான் சாமி" என்று முனீஸ் மேசையில் ஏறினான். வலியில் முகத்தை அவன் சுளித்த அழகுக்கே தனியாக டிக்கெட் போட்டிருக்கலாம்.

"எந்தப் பக்கம் கண்ணு?" என்றார் கிட்டுசாமி.

"இடப்பக்கம் சாமி. உசிரு போவுது."

ஸ்கேன் இருக்கிறதா என்று கிட்டுசாமி கேட்கவில்லை. எப்போதும் கேட்பதில்லை. துணி விரிந்தது. குழாய் இறங்கியது. இந்த முறை நீண்ட நேரம் உறிஞ்சினார். டிங். கொட்டைப்பாக்கில் பாதி இருக்கும்.

"அடேயப்பா. இவ்வளவும் இடது கிட்னியிலயா இருந்துச்சு?"

"இடது கிட்னியேதான். அடியில ஒட்டிட்டு இருந்துச்சு. வரமாட்டேன்னு ஒரே அடம். பிச்சு எடுத்திருக்கறனாக்கும்."

"கிட்னி எப்படி இருக்கு சாமி?"

"கல்லு போயிருச்சல்ல. இனி தங்கமாட்ட இருக்கும்."

முனீஸ் எழுந்து உட்கார்ந்தான். சட்டையைத் தூக்கினான். இடுப்புப் பக்கம் நீளமாக ஒரு தையல் தழும்பு. டெய்லர்கள் நிறைந்த கூட்டம். தையல் என்றால் எட்டிப் பார்க்காமல் இருப்பார்களா?

"தங்கமா இருந்தாச் சந்தோசம் சாமி. அந்தக் கிட்னியை எங்க அக்காவுக்குக் குடுத்து வருசமாச்சு. அவ சாத்தூர்ல இருக்கா. இந்தக் கல்லை அங்கருந்தா இழுத்தீங்க?"

கூட்டம் தழும்பையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தது.

பின்னாலிருந்து ஒரு பெரியவர் நடுங்கும் குரலில் சொன்னார். "சாத்தூர் வரைக்கும் இழுக்கறாருன்னா, எவ்வளவு பெரிய சாமியா இருக்கோணும்."

இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டவும் செய்தார்கள். ஆனால் செக்கிங் பெண்கள் தங்கள் துணிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஓட்டை இல்லை. ஒன்றிலும் இல்லை. அதைப் பார்த்த கிட்டுசாமி மடியிலிருந்து எதையோ எடுத்து அவசரமாக வாயில் அடக்கிக்கொண்டார். ஒருத்தி அவரிடம் போய் நின்றாள்.

"வாயைத் தொறங்க சாமி."

கிட்டுசாமி திறக்கவில்லை. பேசவும் இல்லை. முருகன் மேல் ஆணையாக வாயில் ஒன்றும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் திறக்க வேண்டுமே. யாரோ முதுகில் ஒன்று வைத்தார்கள். டிங், டிங், டிங். அன்றைய மிச்ச நோயாளிகளின் கற்கள் எல்லாம் தட்டில் விழுந்தன.

கூட்டம் காணிக்கையைத் திருப்பிக் கேட்டு மேசையைச் சூழ்ந்தது. சித்ராதேவி அங்கே போகவில்லை. செந்தில்வேல் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். வலி மறுபடி வந்துவிட்டது. அவளுக்குச் சாமியார் பிடிபட்டது முக்கியமில்லை. டாக்டர் கிடைக்க வேண்டும். வாசலில் டோக்கன் டப்பாவை அள்ளிக் கொண்டிருந்த சின்னாத்தாளின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க ஊட்டுல யாருக்காச்சும் கல்லு வந்தா என்ன பண்ணுவீங்க?"

சின்னாத்தாள் பதற்றத்தில் இருந்தாள். பொய்யை யோசிக்க நேரமில்லை.

"ஏன், எங்கூட்டுக்காரருக்கே வந்துச்சே. ஊத்துக்குளி ரோட்டுல ஜெபக்குமார்னு ஒரு டாக்டருங்க. லேசர்ல உடைச்சு எடுத்துட்டாரு. ஒத்தப் பைசா வாங்கல. எல்லாம் கார்டுலயேதான்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். போன் நம்பரும் கொடுத்தாள்.

அந்தக் கொட்டகையில் கொடுத்த வைத்தியங்களிலேயே வேலை செய்தது அந்த நம்பர் ஒன்றுதான்.

செந்தில்வேல் மறுநாள் எதிர்த்துப் பேசாமல் ஆட்டோவில் ஏறினான். குழாய் பிடித்த சாமிக்கே லேசர் என்றால், பயப்பட அவன் யார்? கிட்னி தப்பியது. டாக்டர் சின்ன பாட்டிலில் கல்லைக் காட்டினார். பழுப்பாக, முள்ளும் முடிச்சுமாக, உடைந்த துகள்கள்.

"சாமியோட கல்லு பார்க்க இன்னும் லட்சணமா இருந்துச்சு" என்றான் மெதுவாக.

"ஆமாங்க. ஆத்துல பொறுக்கற கல்லு எல்லாமே வழவழன்னுதான் இருக்கும்" என்றாள் சித்ராதேவி.

கொட்டகையில் பிளெக்ஸ் இப்போது இல்லை. ஊத்துக்குளிப் பக்கம் புதிதாக ஒருவர் வெள்ளிக் குழாயோடு வந்திருப்பதாகக் கேள்வி. வேன்கள் தயாராகின்றன.

யாரோ வெளிநாட்டுக்காரன் போடப்போகும் பனியனைத் திருப்பித் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை தேடுகிற ஊர் இது. நம் உடம்புக்கு என்று வரும்போது மட்டும் அந்தக் கண்ணுக்கு ஏன் லீவு கொடுக்கிறோம்?