வசந்தரூபன் தப்பித்த கதை

மாரப்பன் நாவல் எழுதத் தொடங்கினார். நெருப்பெரிச்சல் ஊரில் யாரும் அதற்காகக் கவலைப்படவில்லை.

கதாநாயகன் வசந்தரூபன், கொடுங்கோல் ராணி ஒருத்தியின் கோட்டையில் அடைபட்டுக் கிடப்பவன். ராணி யாரென்று யாருக்கும் தெரியாமல் மறைத்துவிட்டதாக மாரப்பனுக்கு நினைப்பு. ராணியின் இடது கன்னத்தில் ஒரு மச்சம் வைத்திருந்தார். அதே மச்சம் அவர் மனைவி இந்துமதிக்கும் இருந்தது. அவருக்குக் கற்பனை அவ்வளவுதான் வரும்.

அவர் படும் சிறைவாசம் இதுதான். இந்துமதி பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். ஞாயிறுதோறும் டி-சர்ட் மூட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிர்நூலைப் புருஷனைக் கொண்டு வெட்டவைப்பாள். வரும் ஞாயிறோ பல்லடத்தில் எழுத்தாளர் கூட்டம். மாரப்பன் தன் அத்தியாயத்தைப் படிக்கப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். குறுக்கே யாரும் பேசாமல் அவர் வாய் திறக்கப்போகும் முதல் பத்து நிமிடம் அது. எப்படியும் தப்பியாக வேண்டும்.

வியாழக்கிழமை நாவல் நோட்டைத் திறந்தால், பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். துணியில் பழுது இருக்கும் இடத்தைக் காட்டக் கம்பெனியில் ஒட்டுவது.

"ஏம்புள்ள, என்ன இது?"

"கதையில ஓட்டைங்க. கோட்டைக் கேட்டைத் தொறந்தாச் சத்தம் வராதுங்களா? ராணிக்கென்ன காது செவுடா?"

எழுத்தாளருக்குச் சுருக்கென்றது. "மொத நாளே கீலுக்குத் தையல் மிசின் எண்ணெய் விட்டுருவானாக்கும்!"

"வாசல்ல செருப்பைக் காணம்னா ராணி தேட மாட்டாளுங்களா?"

"பழைய செருப்பு மோட்டார் ரூம்ல இருக்குது!"

"அப்பறம் நடந்தேவா போவான்?"

"சுப்பண்ணன்... வந்து, தளபதி சுப்பவர்மன், ரெண்டு மணிக்கு முக்குல பைக்... குதிரையோட நிப்பாரு!"

"எங்கீங்க போவாங்க?"

"பல்லடத்துப் புலவர் சபைக்கு!"

"இப்ப ஒரு ஓட்டையும் இல்லீங்க. அருமையா எழுதறீங்க" என்று ஸ்டிக்கர்களை உரித்தெடுத்தாள் இந்துமதி. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் கிடைத்த முதல் பாராட்டு. மனுஷன் அதை நம்பினார். நம்பியதோடு நில்லாமல் பூரித்தும் போனார்.

ஞாயிறு இரண்டு மணி. இந்துமதி சமையற்கட்டில் இருந்தாள். கேட் முனகவில்லை. செருப்பும் வைத்த இடத்திலேயே இருந்தது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு மாரப்பன் தெருமுக்குக்குப் போனார். பக்கத்து வீட்டு சுப்பண்ணன் பைக்கோடு நின்றார். அவர் பின்னால் இன்னும் ஆறு பைக், பைக்குக்கு இரண்டு எழுத்தாளர்கள்.

"எங்கீங்க மாரப்பா கெளம்பீட்டீங்க? கூட்டம் உங்க ஊட்டுலதானுங்களே! அம்மிணி எனக்குப் போன் பண்ணி, எல்லாத்தையும் கறிச்சோத்துக்குக் கூட்டியாரச் சொல்லுச்சு. பல்லடத்துல வெறும் டீதானுங்க!"

கறிச்சோறு தின்ற இலக்கியம் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தது. இந்துமதி ஆளுக்கொரு கத்தரியும் ஒரு கட்டு டி-சர்ட்டும் கொடுத்தாள். இரண்டாம் முறை கறி கேட்டு வாங்கியவர்கள் எந்த முகத்தோடு மறுப்பார்கள்? மாரப்பன் எழுந்து நின்று படித்தார். வசந்தரூபன் கோட்டையைத் தாண்டிச் சுதந்திரக் காற்றைச் சுவாசித்த இடத்தில் பத்துப் பன்னிரண்டு கத்தரிகள் கறுக் கறுக்கென்றன. ஒரு தலைகூட நிமிரவில்லை. மாரப்பன் நோட்டை மூடினார்.

இந்துமதி மூட்டைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, நிறுத்தாதீங்க. அவனை மறுக்காப் புடிச்சுக் கோட்டைக்குள்ள போடுங்க. இன்னும் நானூறு பீஸ் இருக்குது."