சுருள் மண்டலமும் சங்கத்து விளக்கும்

மரியாதைக்குரிய மச்சான் விஜய்குமார் அவர்களுக்கு, நாலாம் மாடி தளவாய் எழுதுவது. வீட்டில் எல்லாரும் சுகம், என் மானத்தைத் தவிர. இரண்டு மாடி இறங்கி வந்து நேரிலேயே பேசியிருப்பேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் நீங்கள் லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டியதால் நானும் எழுத்திலேயே வருகிறேன்.

முதலில் என் அசிங்கத்தை நானே சொல்லிவிடுகிறேன். சங்கத்து ஹாலில் நாற்பது பேர் முன்னால் சுருள் மண்டலம், சுழலும் நட்சத்திரக் கூட்டம் என்று நான் காட்டிய படம், ஆயுத பூஜைக்கு உங்கள் தங்கை செண்பகவல்லி தொலைநோக்கிக் கண்ணாடியில் வைத்த சந்தனப் பொட்டுதான். மிக்ஸிக்கே வைத்தவள் இதை விடுவாளா? எந்தத் திசையில் திருப்பினாலும் அதே மண்டலம் வந்தபோதாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்ற புத்தி, நம்மைத் தேடித்தான் வருகிறது என்று பூரித்துப்போனது.

அதற்காகத் தொலைநோக்கியை ஞாயிற்றுக்கிழமைக்குள் மாடியிலிருந்து இறக்கு என்று நோட்டீஸ் போட்டால், மாட்டேன். தன் அடுக்களையை நோட்டம் விடுகிறேன் என்று மூன்றாம் மாடி மலையாளத்துச் சரசம்மா புகார் சொன்னாராம். மொட்டைமாடியிலிருந்து அதைப் பார்க்க நான் தலைகீழாகத் தொங்க வேண்டும் மச்சான்! முந்தாநாள் அவரையே மேலே அழைத்தேன். பொட்டைத் துடைத்து, நூறு படம் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்ததில் நிஜ மண்டலமே விழுந்திருந்தது, கல்லில் தோசைமாவைச் சுழற்றிவிட்ட மாதிரி. பக்கத்தில் கடுகளவு புள்ளி. குவேசார், வெகுதூரத்து மண்டலம் ஒன்றின் நடுப்பகுதி, பூமி உண்டாகும் முன்பே புறப்பட்ட வெளிச்சம் என்றேன்.

"என்டம்மே! இத்தர தூரம் வந்த ஆளுக்கு இத்திரி, கடுகளவு இடமா, தளவாயண்ணா?" என்றவர், "ஒண்ணுகூடி காட்டுங்க" என்று இன்னொரு தரமும் பார்த்தார்.

அந்தப் புள்ளி விழுந்ததே, தண்ணீர் மோட்டாரைக் காக்க என்று மாடியில் நீங்கள் மாட்டிய பெரிய விளக்கு அன்று எரியாததால்தான். மோட்டார் கீழேயல்லவா இருக்கிறது! நேற்றுக் கூட்டத்தில், "ஃபியூஸைக் கழத்துனது யாரு?" என்று கேட்டீர்கள். "நான்தான்" என்று எழுந்தேன். "மாப்ள, ஷாக் அடிச்சிருந்தா என் தங்கச்சி கதி?" என்றீர்கள். "நாளைக்கும் கழத்துவேன்" என்றேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். விளக்கு இறங்கட்டும், தொலைநோக்கி இறங்காது.

வீட்டில் அக்காவுக்கு வணக்கம். மருமகள் சுமிக்கு ஆசிகள். பரீட்சை முடிந்ததும் மாடிக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அடங்காத தளவாய்

பி.கு.: ஃபியூஸ் கட்டையைத் தொட எனக்குப் பயம். "எங்கண்ணன்தானே, நான் பாத்துக்கிடுதேன்" என்று ஸ்டூலில் ஏறிக் கழற்றியது உங்கள் தங்கை. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். கூட்டத்தில் இதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.