கால் மணிக்கொரு வுழு

சஹன் நடுவில் இறங்கியதும் மஜீட்டுக்கு ஒரு கணம் மூச்சு நின்றது.

ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் அந்தப் பெரிய தட்டத்தில் புரியாணி மலைபோலக் குவிந்திருந்தது. சரிவெங்கும் பொரித்த கோழி, உச்சியில் முந்திரிப்பருப்பு, அடிவாரத்தில் அச்சாறு. வெள்ளவத்தைக் கடற்காற்று ஜன்னல் வழியே வந்து அதன் ஆவியை அள்ளி அவர் மூக்கிலேயே ஊற்றியது.

"கை வைங்க மஜீட் நானா," என்றார் வீட்டுக்காரர் முர்ஷித் ஹாஜியார், மஜீட்டின் மகளுக்குப் பேசும் மாப்பிள்ளையின் வாப்பா. அவருடைய தம்பிமார் நால்வரும் சுற்றியிருந்து காத்திருந்தார்கள். "நீங்க வைக்காம நாங்க வைக்கப்படாது."

பத்து நாளைக்கு முன்பென்றால் இந்த உபசாரத்துக்கு அவசியமே இருந்திராது. மஜீட் உட்காரும் சஹனுக்கு மற்ற ஐந்து பேர் கிடைப்பது கஷ்டம் என்பது கொட்டாஞ்சேனை முழுக்கத் தெரிந்த சங்கதி. ஆனால் இப்போது அவருடைய இரைப்பை, ஒரு கோழிக்கூட்டு வாழைப்பழம் அளவுக்கு வெட்டித் தைக்கப்பட்டிருந்தது. 'ரெண்டு கிழமைக்குத் தண்ணிச் சாமான் மட்டும். கால் மணித்தியாலத்துக்கு ஒரு மிடறு. ஒரு பருக்கை சோறு போனாலும் தையல் பிரியலாம்' என்று சொல்லித்தான் டொக்டர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

சத்திரசிகிச்சை நடந்தது மனைவி ருக்கியாவுக்கும் மகளுக்கும் மட்டுமே தெரியும். மகள் பர்ஹாவுக்கு வந்த மூன்று சம்பந்தங்களும் மஜீட்டைக் கண்ட பிறகுதான் திரும்பிப் போயிருந்தன. 'பொண்ணும் நாளைக்கு வாப்பாவப் போல வந்திட்டா?' என்று கடைசியாக வந்த அம்மா அவர் காதுபடவே கேட்டுவிட்டுப் போனாள். நூற்று முப்பத்தெட்டுக் கிலோ மனிதர் அடுத்த நாளே ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தார்.

அவர் வீடு திரும்பிய கையோடு வந்தது இந்த இடம். மாப்பிள்ளை நப்ரீஸ் பெரியாஸ்பத்திரியில் டொக்டர். 'வயித்த வெட்டிக் குறைக்கிற குடும்பம் எண்டு தெரிஞ்சா இதுவும் போயிடும், வாயே திறக்காதீங்க' என்று ருக்கியா உத்தரவு போட்டிருந்தாள்.

வாயைத் திறக்காவிட்டால் சோற்றை எங்கே போடுவது?

"என்ன நானா, யோசிக்கிறீங்க? சம்பந்தம் புடிக்கல்லியா?"

மஜீட்டின் கை சஹனை நோக்கி நீண்டது. அப்போது உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து ருக்கியாவின் குரல் பாய்ந்து வந்தது.

"ஐயோ ஹாஜியார், அவருக்கு இண்டைக்கு நோன்பு! திங்களும் வியாழனும் விடவே மாட்டார்!"

எல்லாரும் மஜீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கே அது புதுச் செய்தி.

"சுப்ஹானல்லாஹ்!" முர்ஷித் ஹாஜியாரின் கண்கள் விரிந்தன. "இந்தச் சஹனுக்கு முன்னால இவ்வளவு நேரம் முகம் கோணாம இருந்தீங்களே! எடுங்க, சஹன உள்ளுக்கு எடுங்க! நோன்பாளிக்கு முன்னால நாங்க எப்படித் தின்னுறது?"

தம்பிமார் நால்வரும் போகிற சஹனைப் பிரிவாற்றாமையோடு பார்த்தார்கள்.

"நாங்க அப்ப இன்னொரு நாளைக்கு வாறோம் ஹாஜியார்..."

"போறதா? நோன்பாளிய நோன்பு திறக்க வைக்கிற நன்மை தேடினாலும் கிடைக்குமா? பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்ற வரைக்கும் இரிங்க. மகனும் டியூட்டி முடிஞ்சி வந்திடுவான்."

மஜீட்டின் சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. கால் மணி. ஒரு மிடறு.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சோற்றிலிருந்து காப்பாற்றிய பொய் தண்ணீருக்கும் பூட்டுப் போட்டுவிட்டது.

"வுழு... வுழு எடுத்திட்டு வாறேன்," என்று தொழுகைக்குக் கைகால் முகம் கழுவப் போகிறவர்போல எழுந்தார்.

குளியலறையில் கதவைத் தாழிட்டு, இடுப்பில் செருகியிருந்த சின்னச் சிரப் போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தார். அந்த ஒரு மிடற்றிலேயே வயிறு நிறைந்தது. ஒரு சஹனை விழுங்கிய வயிறா இது என்று தன்னைத் தானே தடவி வியந்தார்.

கால் மணி கழித்து மறுபடியும் வுழு. பிறகும் வுழு. நான்காம் முறை எழுந்தபோது வழியில் ருக்கியாவைப் பிடித்தார்.

"என்ன வேலை செஞ்சி வச்சீக்கிறாய்?"

"பின்ன, தையல் பிரிஞ்சி மௌத்தாகப் போறீங்களா?"

"இப்ப தண்ணியில்லாம மௌத்தாகப் போறேன்."

"மெல்லக் கதைங்க. மாப்பிள்ளட உம்மா உங்களப் பத்தித்தான் போன்ல சொல்லிக்கொண்டு ஈக்கிறா."

அந்த அவசரத்தில் உள்ளே போய்க் குடித்த மிடறு பெரிதாகிவிட்டது. நெஞ்சில் அடைத்துக்கொண்டு, கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. வெளியே வந்தவரின் முகத்தைக் கண்டதும் முர்ஷித் ஹாஜியார் எழுந்தே நின்றுவிட்டார்.

"நான் ரெண்டு தரம் ஹஜ்ஜுக்குப் போன ஆள். கால் மணிக்கொரு வுழு எடுத்து, ஒவ்வொரு வுழுவுக்கும் அழுற மனிசன இண்டைக்குத்தான் காணுறேன்."

தம்பிமாரும் எழுந்தார்கள். அதுவரை அண்ணன் முறையில் 'நானா'வாக இருந்தவர் அந்த நிமிடத்திலிருந்து மார்க்கப் பெரியவர் 'ஹஸ்ரத்' ஆனார்.

ஜெஸீமா, மாப்பிள்ளையின் உம்மா, போனில் பரப்பிய செய்தி பின்னேர அஸர்த் தொழுகைக்கு முன்பே மாடிப்படி ஏறி வந்தது. பௌர்ணமிப் போயா லீவு, தொடர்மாடியில் எல்லாரும் வீட்டில். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தண்ணீர்ப் போத்தல்.

"ஹஸ்ரத், பேரனுக்கு ஸ்கூல் சோதனை. கொஞ்சம் ஓதி ஊதித் தாங்க."

"எனக்கு முழங்கால் நோவு ஹஸ்ரத்."

வறண்ட தொண்டையோடு, முன்னால் பதினொரு போத்தல் குளிர்ந்த தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார் மஜீட். தனக்குத் தெரிந்த நாலு குர்ஆன் சூறாவையும் ஓதி ஊதினார். 'யா அல்லாஹ், பொய் என்னோடது, வருத்தம் இவங்கடது. அதையும் இதையும் கலந்திடாதே' என்று உள்ளே உருகிக் கேட்டார். வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான துஆ அவர் கேட்டதில்லை.

பை அதிர்ந்தது. எழுந்தார்.

"இரிங்க ஹஸ்ரத், நானும் வாறேன்," என்று முர்ஷித் ஹாஜியார் கூடவே எழுந்தார். "நீங்க எடுக்கிற வுழுவப் பார்த்து நானும் பழகணும்."

அதற்குப் பிறகு ஒரு மிடறும் இறங்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சுவர் மெல்ல ஆடத் தொடங்கியது. 'ஹஸ்ரத்துடைய முகத்தில என்ன ஒரு வெளிச்சம்' என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

மஃரிபுக்குப் பாங்கு சொல்ல இரண்டு நிமிடம் இருக்கையில் சஹன் மறுபடியும் வந்தது. பகல் புரியாணியின் மேல் இப்போது ஒரு முழு ஆட்டுத்தொடையும் ஏறியிருந்தது. முர்ஷித் ஹாஜியார் ஒரு பெரிய பேரீச்சம்பழத்தைத் தன் கையாலேயே எடுத்து மஜீட்டின் உதட்டருகே கொண்டுவந்தார். பதினொரு போத்தல்காரரும் பார்த்திருந்தார்கள்.

விழுங்கினால் தையல். விழுங்காவிட்டால் பர்ஹா.

மஜீட் கண்ணை மூடினார். என்ன ஆனாலும் உண்மையைச் சொல்வதுதான் சரி.

"ஹாஜியார், நான் ஒரு விஷயம் சொல்லணும்..."

"முதல்ல திறங்க ஹஸ்ரத், பிறகு சொல்லுங்க."

பாங்கு ஒலித்தது. பழம் உதட்டில் பட்டது. அந்த நேரம் வாசல் கதவு திறந்து, வேலைக் களைப்போடு ஓர் இளைஞன் உள்ளே வந்தான். கூடத்தை ஒருமுறை பார்த்தான். மறுகணம் செருப்பைக்கூடக் கழற்றாமல் பாய்ந்து வந்து வாப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"பொறுங்க வாப்பா. இவருக்கு நான் குடுக்கிறேன்."

ஒரு குவளையில் தண்ணீர் ஊற்றி மஜீட்டின் கையில் வைத்தான். "மெல்ல. ஒரு மிடறு மட்டும்."

"பார்த்தீங்களா ஹஸ்ரத்," என்று பூரித்தார் முர்ஷித் ஹாஜியார், "என்ட மகனுக்கும் உங்களப் போலவே மார்க்கப் பேணுதல்!"

தண்ணீர் உள்ளே இறங்கியது. சுவர்கள் ஆட்டத்தை நிறுத்தின. மஜீட் நிமிர்ந்து பார்த்தார். முகம் கண்ட ஞாபகமில்லை, குரல் மட்டும் எங்கேயோ கேட்டதாக இருந்தது.

ஸலாம் சொல்லுகிற சாக்கில் நப்ரீஸ் குனிந்து, அவர் காதோடு சொன்னான்:

"மாமா, ஆப்பரேஷன் மேசையில மயக்க ஊசி போட்டிட்டு உங்கள ஒண்டு, ரெண்டு எண்டு எண்ணச் சொன்னது நான்தான், நீங்க எண்ணாம, 'என்ட உடம்பப் பார்த்திட்டு என்ட தங்கமான பிள்ளைய வேணாண்டு போறாங்க டொக்டர்' எண்டு அழுதுகொண்டே தூங்கிட்டீங்க, அண்டைக்குப் பின்னேரமே நான் உம்மாட்ட பொண்ணு கேக்கச் சொல்லிட்டேன்."